சாக்கடைச் சட்டமும் சாக்கடைக்குள் இறங்கினவர்களும்

சாக்கடைக்கும் சட்டம் இருக்கிறது என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. சாக்கடைக்கு ஆள் இருக்கிறது என்பது மட்டும் சின்ன வயசிலேயே தெரியும். அப்பாவுக்குப் பாலாற்றங்கரைத் தோல் ஷாப்பு ஒன்றில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, மெட்ராசில் பாதாளச் சாக்கடையில் அடைப்பு எடுக்கிற வேலை. பொங்கலுக்குப் பெரியப்பா சேரிக்கு வந்தால் இருவரும் திண்ணையில் உட்கார்ந்து தங்கள் கை கால்களை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்கள். அப்பாவுக்கு விரல் இடுக்கெல்லாம் சுண்ணாம்பு தின்ற புண். பெரியப்பாவுக்கு முழங்காலுக்குக் கீழே ஆறாத சொறி. "உன்து மேல ஓடுது, என்து அடியில ஓடுது, அவ்ளோதான்டா வித்தியாசம்" என்பார் பெரியப்பா. குடித்துவிட்டுச் சொல்கிற பேச்சு என்று நினைத்தேன். இருபது வருசம் கழித்து அரசாங்கத்தின் விதிப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் அந்தப் பேச்சில் எவ்வளவு விவரம் இருந்தது என்று பிடிபட்டது.

எம்.ஏ. தமிழ் படித்தவனுக்குக் கழிவுநீர்ச் சட்டத்தில் என்ன வேலை என்று தோழர்கள் கேட்கிறார்கள். ஒரு சொல் எந்த இடத்தில் வருகிறது, எந்த இடத்தில் வராமல் போகிறது என்று பார்ப்பதைத்தான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். சங்கப் பாட்டுக்குச் செய்ததையே சாக்கடைச் சட்டத்துக்கும் செய்து பார்த்தேன்.

*

குழாய் வருவதற்கு முன்னால் தலை இருந்தது. தோட்டி என்று பெயர் வைக்கப்பட்டவரின் தலை. வீட்டின் பின்பக்கச் சந்து வழியாக வந்து, வாளியில் அள்ளி, கூடையில் சுமந்து, வண்டியில் கொட்டினார்கள். சென்னை நகரசபையின் துப்புரவு வேலையில் ஆந்திரப் பக்கத்தில் இருந்து வந்த தெலுங்கு பேசும் தலித் மக்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். பிறகு செங்கல்பட்டு, வட ஆர்க்காட்டுச் சேரிகளில் இருந்தும் போனார்கள். எங்கள் பெரியப்பா அப்படிப் போனவர்தான்.

சென்னைக்கான விரிவான பாதாளச் சாக்கடைத் திட்டம் 1910 வாக்கில் வரையப்பட்டது. அயோத்திதாசப் பண்டிதர் ராயப்பேட்டையில் இருந்து 'தமிழன்' பத்திரிகை நடத்திக்கொண்டிருந்த அதே ஆண்டுகள். அந்தத் திட்டம் போட்ட கணக்கு ஒன்று உண்டு. 1961ஆம் ஆண்டில் நகரத்தின் சனத்தொகை 6.6 லட்சமாக இருக்கும், ஆளுக்கு நாளொன்றுக்கு 25 கேலன், அதாவது சுமார் 114 லிட்டர் கழிவுநீர் வரும், அதற்குத் தக்க அளவில் குழாய் போதும் என்பது கணக்கு. 1961 வந்தது. குடிக்கணக்கில் நகரத்தின் சனத்தொகை 17 லட்சத்துக்கும் மேலே நின்றது. போட்ட கணக்கைப் போல் இரண்டரை மடங்கு.

குழாய் சிறுத்தது, அடைப்புப் பெருத்தது. அடைப்புக்கு விடை அந்தத் திட்டத்தின் வரைபடத்திலேயே இருந்தது. தெருவுக்குத் தெரு ஆள் இறங்கும் குழி. மேன்ஹோல் என்ற அந்தப் பெயரிலேயே ஆள் இருக்கிறான். பெயரில் மட்டும்தான் இருக்கிறான் என்பதை இனிமேல் பார்ப்போம்.

*

வீட்டுக் கழிவுக்காகப் போட்ட குழாயில் பட்டறைக்காரனும் ஆலைக்காரனும் தன் தண்ணீரை விடலாமா என்ற கேள்வி எல்லா ஊரிலும் வந்தது. நம் சட்டங்களுக்குத் தாய்வீடான இங்கிலாந்தில் 1936ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் இதற்கு ஒரு பிரிவு வைத்தது. சாக்கடையைச் சேதப்படுத்தும் பொருள், ஓட்டத்தைத் தடுக்கும் பொருள், கடைசியில் நடக்கிற சுத்திகரிப்பைக் கெடுக்கும் பொருள் எதையும் விடக்கூடாது, 110 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் சூடான தண்ணீர் விடக்கூடாது, பெட்ரோல் விடக்கூடாது. அடுத்த ஆண்டே, 1937இல், இன்னொரு சட்டம் வந்து, உள்ளூராட்சியின் சம்மதத்தோடு ஆலைக்கழிவைப் பொதுச் சாக்கடையில் விடும் உரிமையை முதலாளிக்குக் கொடுத்தது. டெல்லி மாநகராட்சிக்கு 1957இல் நாம் எழுதிக்கொண்ட சட்டத்தில் அந்த 1936 வாசகம் கிட்டத்தட்ட அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

வாசகத்தைக் கவனியுங்கள். குழாய்க்குச் சேதம் வரக்கூடாது. ஓட்டத்துக்குத் தடை வரக்கூடாது. சுத்திகரிப்புக்குக் கேடு வரக்கூடாது. உடல்நலத்துக்குக் கேடு என்ற பொதுவான சொல்லும் வருகிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த உடல் தெருவில் நடக்கிறவனின் உடல், வீட்டில் இருக்கிறவனின் உடல். மூடிக்குக் கீழே ஒரு உடல் இருக்கிறது என்ற நினைப்பு அந்த வாக்கியங்களில் எங்கேயும் இல்லை. இரும்பும் சிமெண்டும் சட்டத்தின் பாதுகாப்பில் வந்துவிட்டன.

சுதந்திர இந்தியாவின் தண்ணீர்ச் சட்டம் 1974இல் வந்தது. நஞ்சும் கேடும் தருகிற பொருளை ஓடையிலோ கிணற்றிலோ விடக்கூடாது என்றது. சாக்கடை என்ற சொல் அந்தத் தடையில் அப்போது இல்லை. 1988இல் திருத்தம் செய்துதான் சாக்கடையையும் நிலத்தையும் சேர்த்தார்கள். இடையில் தமிழ்நாட்டில் 1982இல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வந்தது. அதற்கு முன்னமே 1978இல் சென்னையின் குடிநீரும் சாக்கடையும் மாநகராட்சியிடம் இருந்து பிரிந்து தனி வாரியத்துக்குப் போயின.

பிறகு 1993. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் அந்த ஆண்டு ஒரு அட்டவணையைச் சேர்த்தார்கள். ஆலைக்கழிவில் எது எவ்வளவு இருக்கலாம் என்பதற்கான பொது அட்டவணை. அதில் நான்கு கட்டம். ஆறு ஏரிகளில் விடுவதற்கு ஒன்று, பொதுச் சாக்கடையில் விடுவதற்கு ஒன்று, பாசன நிலத்தில் விடுவதற்கு ஒன்று, கடலில் விடுவதற்கு ஒன்று. பொதுச் சாக்கடைக் கட்டத்தில் மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 600 மில்லிகிராம் வரை, பி.ஓ.டி. 350 வரை, குரோமியம் 2 வரை என்று வரிசையாக எண்கள். அந்தச் சாக்கடை முறையான சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனால்தான் இந்தச் சலுகை, இல்லையென்றால் ஆற்றுக் கணக்கே பொருந்தும் என்று ஒரு குறிப்பும் இருக்கிறது. நல்ல குறிப்புதான்.

அப்படியே கீழே வந்தால் சல்பைடு. ஆற்றில் விட்டால் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. கடலில் விட்டால் 5. பொதுச் சாக்கடைக் கட்டத்தில் ஒரு கோடு. எண் இல்லை.

முதலில் அச்சுப்பிழை என்றே நினைத்தேன். வேறு இரண்டு புத்தகங்களில் பார்த்தேன். அங்கேயும் கோடு. மாநில வாரியம் விரும்பினால் இதைவிடக் கடுமையான அளவை ஒரு ஆலைக்கு விதிக்கலாம் என்று சட்டம் தெரிந்த தோழர் ஒருவர் விளக்கினார். விதிக்கலாம். ஆனால் நாடு முழுக்கப் பொருந்தும் அட்டவணை எழுதியவர்களின் மனசில் அந்த இடம் காலியாக இருந்திருக்கிறது.

ஏன் காலி என்று எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். அட்டவணை போட்டவர்கள் குழாயின் கடைசியைப் பார்த்தார்கள். ஆறு ஒரு இடம். கடல் ஒரு இடம். நிலம் ஒரு இடம். அங்கெல்லாம் உயிர் இருக்கிறது. சாக்கடை அவர்களுக்கு ஒரு வழி மட்டுமே. வழியில் யார் இருக்கப் போகிறார்கள்?

அதே அட்டவணையில் இன்னொரு வரி உண்டு. ஆலைக்கழிவைக் கலப்பில்லாமல் எடுத்து, அதில் மீனை விட்டு, 96 மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறு மீன் உயிரோடு இருக்க வேண்டும். இந்த விதி நான்கு கட்டத்துக்கும் உண்டு, பொதுச் சாக்கடைக்கும் உண்டு.

*

சல்பைடு என்றால் என்ன என்று அப்பாவைக் கேட்டால் தெரியும். ஆனால் அந்தப் பெயரில் தெரியாது. தோல் ஷாப்புக்கு உப்புப் போட்டு வந்த தோலை ஊறவைத்து, பிறகு சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த தொட்டியில் போடுவார்கள். மயிர் கழன்று வருவதற்காக. அந்தத் தொட்டிக்குள் கால் வைப்பது, தோலைப் புரட்டுவது, சதை சீவுவது எல்லாம் ஈர வேலை. ஈர வேலை நம்ம சனங்களுக்கு. காய்ந்து, சாயம் ஏறி, பளபளப்பான பிறகு வருகிற வேலையில் மற்ற சாதிக்காரர்களும் கை வைப்பார்கள். சுண்ணாம்பு எடுத்த பிறகு தோலை உப்பும் ஆசிட்டும் கலந்த தண்ணீரில் போடுவது அடுத்த படி. அதற்கப்புறம் டிரம்மில் குரோம்.

சுண்ணாம்புத் தண்ணீரில் சல்பைடு பேசாமல் கிடக்கும். அதே தண்ணீரோடு ஆசிட் தண்ணீர் போய்ச் சேர்ந்தால் சல்பைடு வாயுவாகக் கிளம்பிவிடும். ஹைட்ரஜன் சல்பைடு. பத்திரிகைக்காரர்கள் விஷவாயு என்று எழுதுகிறார்களே, அதில் முக்கியமானது இதுதான். பழைய மேஸ்திரிகளுக்கு இது தெரியும். "ரெண்டு தண்ணியையும் ஒரே நேரத்துல தொறக்காத" என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள். ஷாப்புக்கு உள்ளே காற்றோட்டம் உண்டு, கதவு உண்டு, ஓடலாம். அதே இரண்டு தண்ணீரும் வெளியே போய் மூடிய குழாயில், மூடிய தொட்டியில் சேரும்போது அங்கே மேஸ்திரி இல்லை.

எல்லாப் பழியையும் ஆலையின் மேல் போடுவது சரியில்லை. வெறும் வீட்டுக் கழிவு தேங்கினாலும் காற்றில்லாத இடத்தில் கிருமிகள் இதே வாயுவை உண்டாக்கும். ஆனால் ஆலைத் தண்ணீரில் வருகிற சல்பேட்டும் சூடும் அந்தக் கிருமிகளுக்கு விருந்து வைக்கின்றன. வாயு குழாயின் மேல்பாகத்து ஈரத்தில் ஒட்டி, சல்பியூரிக் ஆசிட்டாக மாறி, சிமெண்டையே தின்னும். குழாய்கள் இப்படி இற்றுப்போவதைப் பற்றி எஞ்சினீயர்கள் எழுதியது ஏராளம். குழாய் இற்றுப்போவதற்கே இவ்வளவு கவலை.

பெரியப்பாவிடம் இதை விளக்கப் போனேன். அவர் எனக்கு விளக்கினார்.

"மூடிய நெம்பித் தொறந்ததும் கரப்பான் ஓடுதான்னு பாப்பம். ஓடுச்சின்னா உள்ள காத்து கீதுன்னு அர்த்தம். ஒண்ணும் ஓடலன்னா கொஞ்சம் நேரம் தொறந்து போட்டுட்டு டீ குடிக்கப் போவம். ரெண்டு பக்கத்து மூடியும் தொறக்கணும். மொதல்ல மூங்கிப் பிளாச்சு வுட்டுக் குத்துவம். அடைப்புல கல்லு மாரி கெட்டியா இருந்தா எறங்கித்தான் ஆவணும். குத்தி வுட்டதும் அடியில இருந்து குபுக்குன்னு வரும் பாரு, அதான்டா எமன். அழுகுன முட்ட நாத்தம் அடிச்சா பயமில்ல. அடிச்சிக்கினே இருந்து, திடீர்னு நாத்தம் நின்னுச்சின்னா தான் பயம்."

நாற்றம் நின்றால் பயம் என்பதை நான் அவர் வாயால்தான் முதலில் கேட்டேன். மருத்துவப் புத்தகம் அதையே வேறு மாதிரிச் சொல்கிறது. காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு இந்த வாயு இருந்தால் சில நிமிடத்தில் மூக்கு மரத்துவிடும். அதற்கப்புறம் எவ்வளவு ஏறினாலும் தெரியாது. 1000 பங்கு ஆனால் ஒன்றிரண்டு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவான். காற்றைவிடக் கனமானது என்பதால் குழியின் அடியிலேயே தங்கும். முதலில் விழுந்தவரைத் தூக்கப் போனவரும் அவரைத் தூக்கப் போனவரும் அடுத்தடுத்துச் சாவது இதனால்தான். மூன்று பேர் பலி, நான்கு பேர் பலி என்று வருகிற செய்திகளில் பெரும்பாலும் அண்ணன் தம்பியோ மாமன் மச்சானோ இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சொந்தக்காரனைக் குழிக்குள் பார்த்துக்கொண்டு நிற்க யாருக்கு மனசு வரும்?

பெரியப்பா மட்டும் என்ன, எங்கே எந்தத் தண்ணீர் வரும் என்று தெரு வாரியாகத் தெரிந்து வைத்திருந்தார். இந்தத் தெருவில் முலாம் பூசுகிற பட்டறை, கண் எரியும். அந்தத் தெருவில் ஓட்டல், கொழுப்புக் கட்டி. அங்கே சாயப்பட்டறை, தண்ணீர் சுடும். எந்த வாரியத்திலும் இப்படி ஒரு வரைபடம் இருந்திருக்காது. அவர் ஓய்வுபெற்றதோடு அது போயிற்று.

*

தோல் விசயத்துக்குத் திரும்புகிறேன். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்திய காலத்திலும் நாற்றம் இருந்தது, சீக்கு இருந்தது. 1970களின் தொடக்கத்தில் சீதாராமையா குழு சொன்னபடி, அரைகுறையாகப் பதப்படுத்திய தோலை ஏற்றுமதி செய்வதை மத்திய அரசு கட்டுப்படுத்தியது. முழுசாக முடித்த தோலாக அனுப்பு, அந்நியச் செலாவணி கூட வரும் என்பது யோசனை. செலாவணி வந்தது. குரோமும் கூட வந்தது. ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, திண்டுக்கல், சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரம், குரோம்பேட்டை. குரோம்பேட்டை என்று ஊருக்கே பேர் வைக்கும்படி அங்கே ஒரு குரோம் தோல் கம்பெனி வெள்ளைக்காரன் காலத்திலேயே இருந்தது.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவனே செலவு ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று சொன்ன தீர்ப்பு. தோல் ஷாப்பு ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாழ்பட்டது என்ற கணக்கு அதில் வருகிறது. தீர்ப்பின்படி அமைந்த ஆணையம் 2001இல் நிவாரணத்தை நிர்ணயித்தது. 29,193 பேருக்கு 26 கோடியே 82 லட்சம் ரூபாய்.

இந்த வழக்கைக் குறைத்துப் பேச மாட்டேன். அந்தத் தண்ணீரை என் அம்மாவும் குடித்தவள். ஊர்க்காரர்கள் பாலாற்றுக்காக நடத்திய ஊர்வலங்களில் நானும் நடந்திருக்கிறேன். ஆனால் ஊர்வலத்தில் வாசித்த துண்டறிக்கைகளை இப்போது எடுத்துப் பார்த்தால் ஆறு இருக்கிறது, கிணறு இருக்கிறது, தென்னை இருக்கிறது, நெல் இருக்கிறது. தொட்டிக்குள் கால் வைத்து நின்ற ஆள் இல்லை. நிவாரணக் கணக்கு நிலத்தை அளந்து போடப்பட்டது. சேரியில் எத்தனை பேருக்கு நிலம் இருந்தது? அப்பாவின் விரல் இடுக்குகளுக்குச் சர்வே எண் கிடையாது.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழும்பின. தோல் ஷாப்புகளின் தண்ணீரைக் குழாயில் சேர்த்து ஒரே இடத்துக்குக் கொண்டுபோய்ச் சுத்தம் செய்வது ஏற்பாடு. ஆற்றுக்குப் போன நஞ்சில் ஒரு பங்கு இப்போது குழாயிலும் தொட்டியிலும் கசடிலும் தங்கியது. தங்கினதை அள்ள ஆள் வேண்டும் அல்லவா? தோல் ஷாப்புக் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிச் செத்தவர்கள் செய்தி அதற்கப்புறமும் வந்துகொண்டே இருந்தது. 2015 ஜனவரி 31 நடுராத்திரியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் ஷாப்பில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்காளத்தில் இருந்து வந்தவர்கள். எங்கள் அப்பன்கள் விட்ட இடத்துக்கு வந்தவர்கள்.

*

வேறு நாட்டில் எப்படி என்று கேட்பவர்களுக்கு ஒன்று. அமெரிக்காவில் லூயிவில் என்ற நகரத்தில் 1981 பிப்ரவரியில் ஒரு சோயா எண்ணெய் ஆலையில் இருந்து ஹெக்சேன் என்ற கரைப்பான் சாக்கடைக்குள் போய், விடியற்காலையில் வெடித்து, தெருத் தெருவாகச் சாலை பிளந்தது. பொதுச் சாக்கடையில் ஆலைகள் எதை விடக்கூடாது என்ற அவர்களின் விதிகளில் 1990இல் ஒரு வரி சேர்ந்தது. தொழிலாளியின் உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் உடனடிக் கேடு வரும் அளவுக்கு நச்சு வாயுவை உண்டாக்கும் எதையும் விடக்கூடாது என்று. தொழிலாளி என்ற சொல் விதிக்குள் வந்துவிட்டது. மூன்று வருசம் கழித்து நாம் நமது அட்டவணையை எழுதினோம்.

அதே 1993இல்தான் கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் முதல் சட்டமும் வந்தது. அது உலர் கக்கூசைப் பற்றியது. மலத்தைக் கையால் சுமப்பவரே அதன் கணக்கில் வந்தார். குழிக்குள் இறங்குகிறவர் அதிலும் வரவில்லை. சாக்கடையும் செப்டிக் டேங்கும் சட்டத்துக்குள் வர 2013 வரை இருபது வருசம் ஆயிற்று. அந்தச் சட்டத்திலும் பாதுகாப்புக் கருவி கொடுத்து இறக்கினால் அது ஆபத்தான சுத்தம் செய்தல் ஆகாது என்று ஒரு சந்து இருக்கிறது. 2014இல் உச்சநீதிமன்றம் சாவுக்கு 10 லட்சம் என்றது. 2023இல் 30 லட்சம் ஆக்கியது. 2025 ஜனவரி 29இல் சென்னை உட்பட ஆறு பெருநகரங்களில் ஆளை இறக்குவதை நிறுத்தச் சொல்லி ஆணையிட்டது. மறுநாள், ஜனவரி 30, அதே உச்சநீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு பாலாற்றுத் தோல் ஷாப்பு வழக்கில் பாக்கி நிவாரணத்தை ஆறு வாரத்துக்குள் கொடுக்கச் சொன்னது. ஒரு நாள் ஆளைப் பற்றி, மறுநாள் ஆற்றைப் பற்றி.

மிஷின் வந்துவிட்டது, இனிமேல் பிரச்சினை இல்லை என்கிறார்கள். மிஷின் வரட்டும். ஆனால் சந்துக்குள் நுழையாத லாரியும், பாதியில் சிக்கிக்கொண்ட ஓசும் கடைசியில் யாரைக் கூப்பிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். மிஷினைப் பற்றிப் பேசுகிற யாரும் ஆலை வாசலில் என்ன விடப்படுகிறது என்று பேசுவதில்லை. ஆலை வாசலைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஆற்றைத் தாண்டி யோசிப்பதில்லை.

போன வருசம் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து சம்பந்தப்பட்ட அலுவலகம் ஒன்றுக்கு மனு எழுதினோம். பொதுச் சாக்கடைக் கட்டத்தில் சல்பைடுக்கு ஒரு எண் வையுங்கள், சாக்கடைக்குள் வாயு உண்டாக்கும் கழிவை விடுவதை உள்ளே வேலை செய்பவரின் உயிரை வைத்துத் தடைசெய்யுங்கள் என்று இரண்டே கோரிக்கை. அனுப்புவதற்கு முன் பெரியப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். மீன் வரியைத் திரும்ப வாசிக்கச் சொன்னார்.

"எத்தினி மணி நேரம்?"

"96."

விரல் விட்டு எண்ணினார். "நாலு நாளு. எங்கள அரமணி நேரம் பாத்துக்கினு நிக்கறதுக்கு மேல ஒர்த்தன் இருக்க மாட்டான்டா" என்றார். கையெழுத்துப் போடத் தெரியாது. மனுவில் முதல் பெருவிரல் ரேகை அவருடையது.

ஏழு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. தங்கள் மனு உரிய துறையின் நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று ஒரு வரி. எந்தத் துறை என்று எழுதவில்லை. கேட்டு மறுபடியும் எழுதியிருக்கிறோம்.